பைக்கை எத்தனை ஆர்பிஎம்மில் ஓட்டலாம்? பல வருஷ அனுபவத்திலிருந்து

பைக் வாங்கியதும் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: "சீக்கிரம் டாப் கியருக்குப் போ, ஆர்பிஎம்மை ஏத்தாதே, மைலேஜும் வரும், இன்ஜினும் உழைக்கும்." ஆர்பிஎம் என்றால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. ஒரே 150 சிசி வண்டியை, அதுவும் ஒற்றை சிலிண்டர், ஏர்கூல்டு, ஐந்து கியர் வண்டியை, பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த அறிவுரையில் பாதிதான் உண்மை. ஆர்பிஎம் குறைவாக இருக்கிறது என்பதற்காக இன்ஜின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

என் வண்டி ஐந்தாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆர்பிஎம் மீட்டர் முள் 2500-ஐ ஒட்டி நிற்கும். சமதளத்தில், லேசான திருகலில், இதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அங்கே ஒரு சின்ன ஏற்றம் வந்தாலோ, பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலோ, ஆக்ஸிலேட்டரை இன்னும் திருகிப் பாருங்கள். வேகம் ஏறாது, சத்தம்தான் தடிக்கும். செயின் டக் டக்கென்று அடிக்கும், ஃபுட்ரெஸ்ட் வழியாகக் காலுக்கு ஓர் உதறல் வரும், சூடு ஏறிய இன்ஜின் என்றால் சில நேரம் டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி நாக்கிங் சத்தமும் கேட்கும்.

காரணம் எளிது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. 2500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு சுமார் 21 தள்ளு, 5000 என்றால் சுமார் 42. அதே வண்டியை அதே ஏற்றத்தில் அதே வேகத்தில் இழுக்க, 21 தள்ளில் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பலமாக விழ வேண்டும். அந்த அடி முழுக்க பிஸ்டனின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் கனெக்டிங் ராடின் பேரிங்கில்தான் இறங்கும். ஆயில் பம்ப்பும் இன்ஜினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது, அதனால் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் ஓட்டமும் குறைவு. எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் கூடுதல் நேரம் நிற்பதால் தானாக வெடித்துக்கொள்ள வாய்ப்பும் அதிகம், நாக்கிங் என்பது அதுதான். ஆக, பிரச்சினை குறைந்த ஆர்பிஎம் இல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் முழுசாகத் திருகுவது.

அந்த அறிவுரையின் உண்மையான பாதி மைலேஜ். ஒரே சீரான வேகத்தில் போகும்போது உயர்ந்த கியரில் போனால் நிச்சயம் பெட்ரோல் மிச்சம், உராய்வும் குறைவு. சரி, இதை யாரும் மறுக்கவில்லை. திணறாத வரைக்கும்.

நான் தேடுவது ஓர் எண்ணை இல்லை. கொஞ்சம் திருகினால் வண்டி உடனே முன்னால் இழுக்க வேண்டும், விட்டால் உடனே வேகம் குறைய வேண்டும். இந்த இரண்டும் எங்கே கிடைக்கிறதோ அதுதான் வசதியான ஆர்பிஎம், பாதுகாப்பானதும் அதுதான். என் வண்டியில் இது 4000-லிருந்து 5500 வரை. அதற்கு மேலும் நன்றாகவே இழுக்கும், ஆனால் 6500-ஐத் தொட்டதும் வைப்ரேஷன் ஆரம்பிக்கிறது. கண்ணாடியில் பின்னால் வரும் காரின் இரண்டு ஹெட்லைட்டும் இழுபட்டு ஒரே கோடாகத் தெரியும். வருவது கார்தானா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியாது. அதே ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் போனால் உள்ளங்கை மரத்து, பிரேக் லீவரில் விரல் பட்டிருக்கிறதா என்பதே சரியாகப் புரியாது. பிஸ்டன் மேலும் கீழும் போவதால் வரும் இந்த விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 4000 எட்டாயிரம் ஆனால் நான்கு மடங்கு. பேலன்சர் (இந்த விசைக்கு எதிராகச் சுற்றும் எடை) உள்ள இன்ஜினில் வைப்ரேஷன் நன்றாகக் குறையும்.

என் எண்களை அப்படியே உங்கள் வண்டிக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இன்ஜினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை போகும் தூரம்) 85.8 மி.மீ., அதிகபட்ச டார்க் (சுழற்றும் பலம்) 4000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். 373 சிசி கேடிஎம் 390 டியூக்கில் ஸ்ட்ரோக் வெறும் 60 மி.மீ., அதன் அதிகபட்ச டார்க் ஏழாயிரம் வாக்கில்தான் வரும். கணக்குப் போட்டால் முதலாவது 6000-இல் சுற்றும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு சுமார் 17 மீட்டர், இரண்டாவது 9000-இல் சுற்றும்போது 18 மீட்டர். அதாவது இரண்டு பிஸ்டனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றன. மேனுவலில் அதிகபட்ச டார்க் எந்த ஆர்பிஎம்மில் என்று போட்டிருப்பார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே இருந்து தேட ஆரம்பிக்கலாம்.

ஓவர்டேக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு கியர் குறைப்பது இப்போது கை தானாகச் செய்கிறது. லாரிக்குப் பக்கவாட்டில் போன பிறகு "இழுக்க மாட்டேங்குது" என்று கியரைத் தேடுவது ஆபத்து. இறக்கத்தில், அந்த மேட்டை ஏற எந்த கியர் வேண்டியிருக்குமோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குகிறேன், பிரேக் சூடாகாது. நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். மழையில் மட்டும் கணக்கு மாறும். வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து மெதுவாகத் திருகுகிறேன், ஏனென்றால் ஆர்பிஎம் உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று விட்டால் இன்ஜின் பிரேக்கிங்கே பின் சக்கரத்தை வழுக்கவிடப் போதும்.

அப்புறம், ஆர்பிஎம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று ரொம்பவும் நம்ப வேண்டாம். நாம் திருகி ஏற்றும் ஆர்பிஎம்மைத்தான் அது தடுக்கும். என் வண்டி டாப் கியரில் 80-இல் 6700 வாக்கில் சுற்றும். அந்த வேகத்தில் தவறி இரண்டாவது கியருக்கு இறக்கி கிளட்சை விட்டால் சக்கரமே இன்ஜினைப் பிடித்து ஏறக்குறைய இரு மடங்கு சுற்றவைக்கும். ரெட்லைனோ, அதாவது இன்ஜின் தாங்கும் உச்ச ஆர்பிஎம்மோ, 9500. பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். லிமிட்டரால் இதில் ஒன்றும் செய்ய முடியாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நின்ற இடத்திலேயே முறுக்குவதை விட்டு, உடனே கிளம்பி முதல் சில கிலோமீட்டர் 4500 தாண்டாமல் போவது என் பழக்கம். ஆயில் சூடாகி இளகும் வரைக்கும்தான்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டி என்றாலும் கவலையில்லை. ஒரே கியரில் வேகமும் ஆர்பிஎம்மும் சேர்ந்தே ஏறும். என் வண்டி டாப் கியரில் 60-க்கு 5000, அப்படியென்றால் 48-க்கு 4000. ஒவ்வொரு கியரிலும் திருகினால் எந்த வேகத்திலிருந்து திணறாமல் இழுக்கிறது என்று காலியான சாலையில் பார்த்து வைத்துக்கொண்டால், ஸ்பீடோமீட்டரே போதும்.