பாயின்ட் புல்லட்டுக்கு எந்த எச்.டி. காயில்? சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

சி.பி. பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் 350க்கு எச்.டி. காயில், அதாவது பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் காயில், வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்க வேண்டியது, பிரைமரி (பேட்டரி மின்சாரம் பாயும் உள்சுற்று) எத்தனை ஓம் என்பதை. பல கடைகளில் அதற்குப் பதில் கிடைக்காது. அதனால் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. என்னுடையது திருவொற்றியூர் ஆலையில் இருந்து தொண்ணூறுகளின் நடுவில் வந்த 12 வோல்ட் வண்டி, வார்ப்பிரும்பு எஞ்சின். காயில் மாற்றிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சித்திரை வெயில், ஐப்பசி மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம்.

பழைய காயில் கொடுத்த தொல்லை பலருக்கும் பழக்கமானதாக இருக்கும். காலையில் ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓடியதும் மிஸ் ஆகி நின்றுவிடும். நிழலில் ஆறவிட்டால் மறுபடி எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். இந்த அறிகுறியைக் கண்டதும் காயிலைக் கழற்றிவிடக் கூடாது. இதே நாடகத்தை ஆட இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இப்படித்தான் நிற்கும். நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தால் காற்றை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் கிளம்பினால் விஷயம் அங்கே இருக்கிறது. அடுத்தது கண்டென்சர், பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் அடக்கும் பாகம். மாலை இருட்டில் பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பாயின்ட் நடுவில் ஊசிமுனை அளவு பொறி வந்தால் பரவாயில்லை. நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று பறந்து, பாயின்ட் முகமும் கறுத்திருந்தால் கண்டென்சர் போய்விட்டது. என் வண்டியில் இரண்டுமே சரியாக இருந்தன. சூடான நிலையில் வேறு ஒரு காயிலைத் தற்காலிகமாக இணைத்ததும் உடனே ஓடியது. உள்ளே இன்சுலேஷன் சூட்டில் கைவிட்டிருக்கிறது.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் மூன்று காயில்களை மேசைமேல் வைத்தார்கள். மூன்றும் 12 வோல்ட் என்றே சொல்லப்பட்டன. பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்த எதிர்ப்பைக் கழித்துக்கொண்டு அளந்தேன். ஒன்று அரை ஓம், ஒன்று ஒன்றரை ஓம், ஒன்று 4 ஓம்.

அரை ஓம் காயில் சி.டி.ஐ. வண்டிகளுக்கானது, அதாவது பாயின்டுக்குப் பதில் மின்னணுப் பெட்டி வைத்த வண்டிகளுக்கு. அந்த அமைப்பில் மின்சாரத்தைச் சேமிப்பது கண்டென்சர். காயிலின் வேலை மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது மட்டுமே. பாயின்ட் வண்டியில் காயிலே தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமித்து வைக்க வேண்டும். அங்கே இதை மாட்டினால் 12ஐ அரையால் வகுத்து 24 ஆம்பியர் என்று கணக்கு வருகிறது, பாயின்ட் தாங்காது. ஒன்றரை ஓம் என்பது 6 வோல்ட் வண்டிக்கான காயிலாக இருக்கலாம், அல்லது வெளியே தனி ரெசிஸ்டர் வைத்து ஓடும் கார்களுடையதாக இருக்கலாம். நேராக இணைத்தால் 8 ஆம்பியர். வண்டி ஓடும், பொறியும் கொழுப்பாகத்தான் வரும், ஆனால் பாயின்ட் சீக்கிரம் தீய்ந்துவிடும். 4 ஓம் காயில் எடுப்பது 3 ஆம்பியர். அதையே வாங்கினேன்.

குறைந்த ஓம் காயில் போட்டால் பொறி பலமாகும், இழுவை கூடும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். புல்லட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 25 பொறிதான் வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 40 மில்லி நொடி இருக்கிறது. அதே வேகத்தில் நாலு சிலிண்டர் காரின் ஒற்றைக் காயிலுக்குக் கிடைப்பது 10 மில்லி நொடி. காருக்கு அவசரம் உண்டு. நம் வண்டியில் 4 ஓம் காயில் நிரம்புவதற்கு வேண்டிய நேரம் தாராளமாக இருக்கிறது.

மாட்டிய பிறகு சரிபார்க்க ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டரே போதும். சாவியைப் போட்டு, விளக்குகளை அணைத்துவிட்டு, கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்த வேண்டும். பாயின்ட் மூடும்போது முள் சற்று இடப்பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். புதிய காயிலில் அந்தச் சாய்வு சின்னது. ஒன்றரை ஓம் காயில் போட்டிருந்த நண்பரின் வண்டியில் முள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விழுந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருடைய பாயின்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக உலோகம் இடம் மாறியிருந்தது.

இணைப்பிலும் கவனம் வேண்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சட்டத்தோடு இணைத்த வண்டியில், காயிலின் பாசிட்டிவ் முனை சாவியில் இருந்து வரும் வயருக்கு, நெகட்டிவ் முனை பாயின்டுக்கு. பழைய லூகாஸ் காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று எழுதியிருக்கும், அவை பாசிட்டிவ் எர்த் காலத்தவையாக இருந்தால் நம் வண்டியில் மாற்றி இணைக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கின் சூடான நடுமுனையில் இருந்து எலெக்ட்ரான் கிளம்புவதுதான் எளிது. திசை மாறினால் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்பட்டு, மேட்டில் ஏறும்போது மிஸ் ஆகும்.

இந்தக் காயிலுக்குப் பெரிய சோதனை கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாவது கியர், டேங்க்குக்கு அடியில் எஞ்சின் சூடு நேராக மேலே வந்து மோதும். உச்சியில் நிறுத்தியதும் அளந்தேன்: 4 ஓம் இருந்தது 4.7 ஆகியிருந்தது. செம்பு சூடானால் எதிர்ப்பு ஏறுவது இயல்பு, கவலைப்பட வேண்டியதில்லை. அங்கேயே மறுபடி ஒரே உதையில் கிளம்பியது, அதுதான் எனக்கு முக்கியம். பாயின்டும் நன்றாக உழைக்கிறது, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, எப்போதாவது துடைப்பதோடு சரி.

குறை என்றால் காயிலோடு வந்த எச்.டி. வயர். முதல் மழைக்காலத்திலேயே பிளக் கேப் பக்கம் உறை வெடித்து, ஈரத்தில் பொறி கசிந்தது. செம்புக் கம்பி வயரும் 5 கிலோ ஓம் கேப்பும் தனியாக வாங்கி மாற்றினேன். காயில் வாங்கும்போதே இவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். எஞ்சின் நின்றபின் சாவியைப் போட்டபடி விட்டுவிடவும் வேண்டாம். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் அந்த 3 ஆம்பியரும் நிற்காமல் பாய்ந்து, புதுக் காயிலையும் வேகவைத்துவிடும்.