பிரசவத்தில் நசுங்கிய முகநரம்பா, மோபியஸ் சின்ட்ரோமா?

பிறந்த குழந்தை அழும்போது முகம் சரியாக அசையவில்லை என்றால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அதிகம் பார்ப்பது முதலாவதைத்தான். ஆயுதம் போட்டு எடுத்த குழந்தையாக இருக்கலாம், காதோரம் கன்றிய தடம்கூடத் தெரியலாம். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான், அழுதால் வாய் நல்ல பக்கமாக இழுக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும்.

மோபியஸ் மிக அரிது. 1888இல் இதை விவரித்த ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் பால் மோபியஸின் பெயர்தான் இதற்கு. கருவிலேயே ஆறாவது, ஏழாவது மூளை நரம்புகள் சரியாக வளராததால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் முகம் அசையாது, அதோடு கண் வெளிப்பக்கமாகத் திரும்பாது. ஒரு பொம்மையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், கண்ணுக்குப் பதிலாகத் தலையே திரும்பும். என்னைக் கேட்டால் முகத்தை விடக் கண்தான் முக்கியமான துப்பு. பால் உறிஞ்சச் சிரமம், வளைந்த பாதம், வளராத விரல்கள் என்று சில குழந்தைகளுக்குக் கூடவே இருக்கும். இதை உறுதி செய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது, மருத்துவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்கிறார், எம்ஆர்ஐ துணைக்கு. காலப்போக்கில் இது மோசமாவதில்லை, ஆனால் தானாகச் சரியாவதும் இல்லை.

அதனால் எல்லோரிடமும் "பொறுங்க, சரியாகிடும்" என்று சொல்லி அனுப்புவது தவறு. மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகும், அதற்குச் சொட்டு மருந்தும் களிம்பும் உடனே வேண்டும். அப்புறம், சிரிக்காத முகத்தைப் பார்த்து மூளை வளர்ச்சி இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள், இவர்களில் பெரும்பாலோருக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கிறது.