தண்டையார்பேட்டையில் 20 வார மாரத்தான் பயிற்சி: காலுக்குக் கிடைத்த அக்கறை கணக்குக்கும் கிடைத்திருக்கலாம்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஒரு விளையாட்டுத் திடலில், முதன்முறையாக மாரத்தான் ஓட விரும்புவோருக்காக நடத்தப்படும் 20 வாரப் பயிற்சியில் சென்ற பருவத்தில் சேர்ந்து, ஜனவரியில் நடந்த சென்னை மாரத்தானில் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தேன். பயிற்சிக் கட்டணம் 6,500 ரூபாய். ஓட்டத்திற்கான பதிவுக் கட்டணம் தனி. சேருகிறவர்கள் விரும்பினால், டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கு இன்சுலினும் ரத்தச் சர்க்கரை பார்க்கும் பரிசோதனைப் பட்டைகளும் வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளைக்காக நிதியும் திரட்டலாம். ஓட்டப் பயிற்சியை மனம் நிறைந்து பாராட்டுகிறேன். நிதி திரட்டலில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. திருத்திக்கொள்ளக் கூடிய குறை என்பதாலும், அதை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன் என்பதாலும் பெயர்களை இங்கே எழுதவில்லை. வடசென்னையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கு எந்தக் குழு என்பது தெரியும்.

எனக்கு 43 வயது. ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பிறகு பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. என் தங்கை மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் நோய் அது. மாத்திரையால் சமாளிக்க முடியாது, ஊசிதான், அதுவும் வாழ்நாள் முழுவதும். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். "பெரியம்மா, இன்னைக்கு எந்த விரல்?" என்று அவள் கையை நீட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான், பட்டை வாங்க வழியில்லாத வீட்டில் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எனக்குள் வேர்விட்டது.

பயிற்சி ஆகஸ்டில் தொடங்கியது. வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் உடல் வலுப்பயிற்சி, இரண்டு நாள் கட்டாய ஓய்வு. பயிற்சியாளர் ஒரு காலத்தில் ரயில்வே அணிக்காக ஓடியவர். முதல் நாள் அவர் எங்களை ஓடவே விடவில்லை. ஒவ்வொருவரையும் வெறுங்காலில் 30 மீட்டர் நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து குந்தி உட்கார்ந்து கணுக்கால் எப்படிச் சாய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். முதல் ஆறு வாரம் அவர் சொன்னதெல்லாம் "மெதுவா, இன்னும் மெதுவா" என்பதுதான். பக்கத்தில் வந்து ஓடிக்கொண்டே, "அக்கா, காலையில வீட்ல என்ன சமையல், முழுசாச் சொல்லுங்க" என்று கேட்பார். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் வேகம் சரி. பாதியில் திணறினால் உடனே நடக்கச் சொல்லிவிடுவார். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற முறையை ஒருவரும் இழிவாக நினைக்காதபடி, அவரே எங்களோடு சேர்ந்து அந்த ஒரு நிமிடம் நடந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு உடம்பை விட வெட்கம்தான் பெரிய தடை. அதை இவ்வளவு எளிதாக அவர் அகற்றியதை நான் மறக்கப் போவதில்லை.

வாரத் தூரத்தை ஏறத்தாழ பத்து சதவீதத்திற்கு மேல் கூட்டுவதில்லை என்பதும், மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைப்பது என்பதும் அட்டவணையின் அடிப்படை. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன், அதாவது வாரத்தின் நீண்ட ஓட்டம், 5 கிலோமீட்டரில் தொடங்கி, பதினேழாம் வாரத்தில் 32 கிலோமீட்டரைத் தொட்டது. 42 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று எங்களில் சிலர் அடம்பிடித்தபோது, அவ்வளவு தூரம் ஓடிய உடம்பு தேறுவதற்குள் போட்டி நாள் வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசி மூன்று வாரம் தூரம் குறைந்துகொண்டே வந்தது. அந்த மூன்று வாரம்தான் மனத்துக்கு மிகவும் கடினமாக இருந்தது.

ஓடும் பாதையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையில் ஓட நினைக்கிறவர்களின் முதல் கவலையே அதுதான். எண்ணூர் விரைவுச் சாலை நேராகவும் சமமாகவும் கடற்காற்றோடும் இருக்கிறது. ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடிய விடிய அங்கே வரிசை கட்டி நிற்கும். புதியவர்களை அந்தச் சாலைக்குக் கூட்டிச் செல்வதில்லை என்பதில் இவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். மாறாக, தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக ராயபுரம், அங்கிருந்து ராஜாஜி சாலை, நேப்பியர் பாலம், காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரும். 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு எதிரே எங்களுக்கு முதல் தண்ணீர் நிறுத்தம். சில வாரம் காசிமேடு பக்கமாகச் சுற்றி வருவோம். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் வண்டிகளின் ஐஸ் உருகி வழிந்து, செதில்கள் ஒட்டிய சாலை, விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். அந்த இடத்தில் எல்லோரும் நடந்தே கடக்க வேண்டும் என்பது விதி. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு எங்களைவிட வேகமாக நடந்துபோகும் அம்மாக்களைப் பார்த்தபோது, உழைப்பு என்ற சொல்லை நான் எனக்குச் சூட்டிக்கொள்ளத் தயங்கினேன். என் அலுவலகக் கட்டடத்தை அதிகாலையில் வியர்வையோடு கடந்து போவது என்பது, இருபது வருடம் அந்த வாசலில் சோர்ந்து இறங்கியவளுக்கு விவரிக்க முடியாத மகிழ்ச்சி.

பெண்களுக்கு ஒரு செய்தி. அந்த நேரத்தில் திடலின் கழிப்பறை திறந்திருப்பதில்லை. இதை முதல் வாரத்திலேயே உணர்ந்து, அருகில் குடியிருக்கும் ஓர் உறுப்பினரின் வீட்டுக் கீழ்த்தளத்தைப் பயிற்சி முடியும் வரை எங்களுக்கு ஏற்பாடு செய்து தந்தார்கள். பயிற்சி 4.45-க்குத் தொடங்குகிறது, மெட்ரோவின் முதல் ரயில் 5 மணிக்குத்தான் என்பதால், திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் இருசக்கர வாகனத்தையோ பகிர்ந்துகொள்ளும் ஆட்டோவையோ நம்ப வேண்டியிருந்தது.

தூரம் உச்சத்தை எட்ட வேண்டிய அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் நம் பகுதியைப் புரட்டிப் போடுகிறது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, மூடி திறந்த சாக்கடை எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நாட்களில் ஓட்டத்தை ரத்து செய்துவிட்டு, அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில் 40 நிமிடம் ஏறி இறங்கும் மாற்றுத் திட்டத்தை முதல் நாள் இரவே அனுப்பிவிடுவார்கள். என் வீட்டில் மூன்று மாடிதான். அந்தப் படிகளின் எண்ணிக்கை இன்றும் மனப்பாடம்.

உணவும் நீரும் பற்றிக் கற்றுக்கொடுத்த விதமும் நம் ஊருக்குப் பொருந்தியதாக இருந்தது. உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து பெரும்பாலோருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீர்ந்துவிடுகிறது. சுவரில் மோதியதுபோல் கால் நின்றுபோவது அதனால்தான். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். விலை கூடிய ஜெல் பொட்டலங்களை வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. பேரீச்சம்பழமும், கடலை மிட்டாயும், உப்பிட்டு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஒவ்வொருவர் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்கிறதா என்று லாங் ரன்களில் சோதித்துப் பார்க்க வைத்தார்கள். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிவதால் சூடு தணிவதில்லை, உப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அந்த நிலையில் வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை நான் இங்குதான் முதலில் கேட்டேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை, உறையில் எழுதிய அளவு நீரில் கரைத்து, தாகத்துக்கு ஏற்பக் குடிப்பது எங்கள் வழக்கமாயிற்று.

பதினோராம் வாரம் எனக்கு முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி வந்தது. மறைக்கப் பார்த்தேன். என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்த பயிற்சியாளர், எலும்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரும்வரை திடலுக்குள் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எலும்பில் விரிசல் இல்லை என்று உறுதியான பிறகும் இரண்டு வாரம் சைக்கிள் மட்டும்தான். அந்தக் கண்டிப்பால்தான் ஜனவரியில் நான் போட்டியின் தொடக்கக் கோட்டில் நின்றேன்.

இனி நிதி திரட்டலுக்கு வருகிறேன். ஓட்டத்திற்கு 20 வார அட்டவணை தந்தவர்கள், நிதி திரட்டலுக்குத் தந்தது ஒரு சுவரொட்டிப் படமும் அறக்கட்டளையின் பெயரும் மட்டும். பணத்தை எப்படி வாங்குவது என்று கேட்டபோது, "உங்க ஜிபேல வாங்கி மொத்தமா அனுப்பிடுங்க மேடம்" என்று ஒருங்கிணைப்பாளர் குரல் பதிவு அனுப்பினார். நானும் அப்படியே செய்தேன். 31 பேர் என்னிடம் கொடுத்த 38,600 ரூபாயை ஒரே தொகையாக அறக்கட்டளைக்கு மாற்றினேன். ரசீது என் பெயரில் வந்தது. கொடுத்தவர்கள் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிச் சலுகைக்கான சான்றிதழ் கேட்டபோதுதான் தவறு புரிந்தது. நன்கொடையாளரின் பான் எண்ணோடு அறக்கட்டளை தன் பட்டியலை வருமான வரித் துறையில் தாக்கல் செய்து, அதன் பிறகு அவரவர் பெயரில் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. அறக்கட்டளையின் ஏட்டில் அந்த 31 பேரும் இல்லவே இல்லை, நான்தான் இருந்தேன். வண்ணாரப்பேட்டை ஜவுளி வியாபாரி ஒருவர் மனமுவந்து 5,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருந்தார். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அந்தச் சலுகையே கிடையாது என்பதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 31 பேரையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தேன். பெரும்பாலோர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள், ஒருவர் மட்டும் "கேட்டு வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் தெரிஞ்சிருக்க வேணாமா?" என்றார். அவர் கேட்டது நியாயம்.

மீதி 52 பேரை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லி, பான் எண்ணை அறக்கட்டளையிடமே கொடுக்க வைத்தேன். அதில் ஒரு சிக்கலும் வரவில்லை. மொத்தம் 1,12,400 ரூபாய் சேர்ந்தது. சுவரொட்டி அதற்கு உதவவில்லை. ஒரு பரிசோதனைப் பட்டை ஏறத்தாழ 20 ரூபாய், ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு நான்கு, ஆகவே 80 ரூபாய். நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு நாள் என்றால் 42 நாளுக்கு 3,360 ரூபாய் என்று எழுதி அனுப்பிய பிறகுதான் பணம் வரத் தொடங்கியது. எங்கே போகிறது என்று தெரிந்தால் மனிதர்கள் கொடுக்கிறார்கள்.

அறக்கட்டளையினர் ஒருநாள் எங்களை வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத அந்த ஒற்றை அறையில், ஒரு பெரிய மண்சட்டிக்குள் சிறிய சட்டியை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, ஈரத்துணியால் மூடி, உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின் குப்பியைப் பாதுகாத்து வைத்திருந்தார் அந்தத் தாய். மூடியை எடுத்து என் கையை உள்ளே வைக்கச் சொன்னார். வெளியே கொதித்த மே மாதத்தை மறக்கடிக்கும் குளிர்ச்சி. இந்தச் சந்திப்பு போட்டியெல்லாம் முடிந்து நான்கு மாதத்துக்குப் பிறகு நடந்தது. ஆகஸ்டிலேயே, நிதி கேட்கப் புறப்படும் முன்பே நடந்திருக்க வேண்டும்.

போட்டி நாளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நேப்பியர் பாலத்தில் இருட்டில் தொடங்கி, கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற கணக்கைக் கடைசி வரை காத்து, 5 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். 34-வது கிலோமீட்டரில் பயிற்சியாளர் சாலையோரம் நின்று, "அக்கா, இன்னைக்கு என்ன சமையல்?" என்று கத்தினார். பதில் சொல்ல முடிந்தது.

6,500 ரூபாய்க்கு இந்தப் பயிற்சி முழுத் தகுதியானது. வடசென்னையில் முதல் மாரத்தானுக்குத் தயாராக நினைக்கும் எவரும் தயங்காமல் சேரலாம். நிதியும் திரட்டப் போகிறீர்கள் என்றால், அறக்கட்டளையின் வரிச் சலுகைப் பதிவு நடப்பில் உள்ளதா, பணம் நேரே அதன் கணக்குக்குப் போகுமா, சான்றிதழ் எப்போது வரும் என்பதை முதல் ரூபாய் வாங்கும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வரும் ஆகஸ்டில் தொடங்கும் அணிக்கு நன்கொடைக் கணக்கை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். முதல் வாரத்தின் புதன்கிழமை மாலையை ஓட்டத்துக்கு இல்லாமல் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.