படகு பழுதில்லை, பெட்ரோல்தான் எமன்: 18 அடி பைபரும் 9.9 இன்ஜினும்

நண்பர் ஒருவர் 18 அடி பைபர் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் இரண்டு ஸ்ட்ரோக் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினோடு சேர்த்து விலையை நன்றாகவே குறைத்துவிட்டார்களாம். "நீங்க வச்சிருக்கிற அதே செட்டுதான், வாங்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட அன்று என் இன்ஜினின் கார்ப்பரேட்டரை மறுபடியும் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு வந்திருந்தேன். அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது. ஆனாலும் படகின் மேல் கோபத்தைக் காட்டுவது நியாயமில்லை, அதனால் படகிலிருந்தே தொடங்குகிறேன்.

தூத்துக்குடியில் கச்சான் காற்று அடங்கிய மாதங்களில் கரையை ஒட்டிப் போய்ப் பாறை, விளமீன், ஊளி என்று மீன்களுக்குத் தூண்டில் போடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எனக்குத் தெரியவில்லை. மூன்று பேர் இடித்துக்கொள்ளாமல் நின்று தூண்டில் வீசலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு நீரோட்டத்தில் விட்டால் உருளாமல் சமமாக மிதக்கும். வாங்கும்போது இந்த நிதானத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெரிய சீலா மீன் ஒன்று படகுக்கு அடியில் பாய்ந்து மறுபக்கம் இழுத்தாலும், இரண்டு பேர் ஒரே ஓரத்துக்கு ஓடினாலும் பயம் வந்ததில்லை. வருடக்கணக்காக உப்பிலும் வெயிலிலும் கிடக்கிறது. ஜெல்கோட் என்னும் மேல்பூச்சு மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பழைய பைபர் எல்லாம் இப்படி இருக்கும் என்று நம்பிப் பணம் கொடுத்துவிட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் தொங்கும் பின்பலகை. டிரான்சம் என்பார்கள். வெளியே பைபர் பளபளப்பாக இருக்கும். உள்ளே பிளைவுட். இன்ஜினை மாட்டத் துளைத்த போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அந்தப் பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சின்னச் சுத்தியலின் பிடியால் சீராகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் சொத்தென்று விழுந்தால் அங்கே கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு இன்ஜினைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பாகத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை சேர்ந்து அசைந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். டிரான்சத்தை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டுவது ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்யக்கூடிய வேலை இல்லை. சின்ன விரிசல், கல்லில் உரசிய காயம் இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். காயத்தைச் சுற்றி அகலமாகச் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பைபர் இழை விரிப்பும் (மேட்) ரெசின் பசையும் அடுக்கலாம். ஈரத்தின் மேல் ரெசின் பூசினால் அடுத்த பருவத்தில் அப்படியே பெயர்ந்து வரும். பதிவுக் காகிதத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் இன்ஜினில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

சோக் இழுத்தால் என் இன்ஜின் கிளம்பும். முழு வேகத்தில் அருமையாக ஓடும். வேகத்தைக் குறைத்து, மீன் இருக்கும் இடத்தில் மெதுவாக நிற்கலாம் என்று பார்த்தால் இரண்டு திணறல் திணறி அணைந்துவிடும். மறுபடி கயிற்றை இழு, மறுபடி அணையும். கப்பல் வந்துபோகும் துறைமுக வாய்க்கு அருகே இப்படி நடந்தால் மீன்பிடி ஆசையெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். காரணம் எப்போதும் ஒன்றுதான்: கார்ப்பரேட்டரில், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் ஊசிமுனை அளவுள்ள பைலட் ஜெட் அடைத்திருக்கும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது படகு கரையில் கிடக்கிறது. கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் மீந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக ஒட்டிக்கொள்கிறது.

முன்பும் இந்தத் தொல்லை உண்டு. எத்தனால் வந்த பிறகு இது நோயாகவே ஆகிவிட்டது. 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது, 2025க்குள் அதுவே வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான அவுட்போர்டு இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் அனுமதி என்று போட்டிருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓரளவு வரை பெட்ரோலோடு கலந்தே வைத்திருக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். இரண்டு ஸ்ட்ரோக்கில் இது இன்னும் மோசம். நாம் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், இன்ஜினுக்குள் போவது வழுவழுப்பே இல்லாத அடித்திரவம். சிலிண்டருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கரையில் இருக்கும் மெக்கானிக் தம்பி ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்கிறான்: "ஓட்டுனாத்தான அண்ணாச்சி இன்ஜின் நல்லாருக்கும். நிப்பாட்டி வச்சா எதுதான் நல்லாருக்கும்?" அவன் சொல்வது சரி. தொழிலுக்குப் போகிறவருக்கு வாங்கிய பெட்ரோல் அன்றே எரிந்துவிடும். நம்மைப் போல ஆசைக்கு வைத்திருப்பவருக்குத்தான் அது டேங்கில் தூங்கும். ஆனால் ஆசைக்கு ஓட்டுகிறவருக்கு விற்பதற்காகவே செய்த இன்ஜினில், கிண்ணத்தை வடிக்கும் திருகைக் கை நுழையாத இடத்தில் வைத்தவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கையளவு இடம் விட்டிருந்தால் இந்தப் புலம்பலில் பாதி இருக்காது.

இப்போது நான் பின்பற்றும் முறை இது. அன்றைக்குத் தேவையான பெட்ரோலை அன்று காலையில்தான் கலக்கிறேன். என் இன்ஜினுக்கு 50க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. ஆயில், தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 தரமாகத்தான் இருக்க வேண்டும். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் காற்றில் குளிரும் இன்ஜினுக்கானது. அதை இதில் ஊற்றினால் பிளக்கிலும் ரிங்கிலும் கரி படியும். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓட்டுவேன். பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறி, அதாவது இம்பெல்லர், தேய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை" கிளப்பிக் காட்டச் சொல்லாதீர்கள், அந்த ரப்பர் சில நொடிகளில் கருகும். கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தானாக அணையும் வரை ஓட்ட வேண்டும். அதோடு நிறுத்தினால் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். விரல் கீறினாலும் பரவாயில்லை என்று அந்தத் திருகைத் திறந்து முழுவதும் வடித்துவிடுங்கள். ஜெட் அடைத்துவிட்டால் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளை ஓட்டை பெரிதானால் கலவை என்றைக்கும் சரியாக அமையாது. கிளீனரும் காற்றும் போதும்.

கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தால் சீல் போய்விட்டது. இன்ஜினுக்குப் பதிலாக உப்பில் அரிபடுவதற்காக மாட்டிய துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது. துடுப்பு, நங்கூரம், ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது கயிறு, உபரி பிளக் இல்லாமல் கரையை விட்டு நகர வேண்டாம். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி எல்லாம் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அந்தப் பக்கம் தூண்டில் போடவே கூடாது.

நீள வால் டீசல் இன்ஜின் மாட்டினால் இந்தத் தலைவலி கிடையாதே என்று நண்பர் கேட்டார். கிடையாதுதான். ஆனால் அந்தச் சத்தத்திலும் அதிர்விலும் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து தூண்டில் போட எனக்கு முடியாது. நான்கு ஸ்ட்ரோக்கில் கார்ப்பரேட்டர் இல்லாத, எரிபொருளைப் பீய்ச்சும் வகை கிடைக்கிறது. அடைப்புத் தொல்லை அதில் குறைவு. எடையும் விலையும் கூடும். புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் அதற்குத்தான் பணம் சேர்ப்பேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தடவைகூடப் போக முடியாத வேலை உங்களுடையது. ஏற்கெனவே படகு வைத்திருப்பவரோடு செலவைப் பங்குபோட்டுப் போங்கள், என்னோடே வாருங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்டும் ஒருவர் போன மாதம் வந்தார். நல்ல விலைதான் சொன்னார். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.