லாரியைக் கேம்பராக்கித் தருகிறோம் என்பவரிடம் முதலில் எடைச் சீட்டைக் கேளுங்கள்

வீடு மாற்ற ஓடிக்கொண்டிருந்த பழைய கன்டெய்னர் பாடி லாரி ஒன்றை வாங்கி, அதைக் கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்கும் வீடாகவும், கார் ஏற்றிச் செல்லும் வண்டியாகவும் மாற்றித் தரச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். ஒன்பது மாதம் கழித்து வண்டி கைக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காரை ஏற்றினால் சாலையில் ஓட்டக் கூடாத வண்டியாக இருந்தது. இதே எண்ணத்தில் இருக்கும் யாராவது படித்துவிட்டுத் தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. பெயர் தெரிந்து அங்கே போகாமல் இருந்துவிட்டால் போதாது, இதே வேலையை இதே மாதிரி செய்யும் ஆட்கள் வேறு இடத்திலும் இருப்பார்கள்.

என் திட்டம் எளிமையானது. பெட்டியின் நீளம் 6.4 மீட்டர். முன்பக்கம் மூன்று மீட்டரில் படுக்கை, சமையல் மேடை, ஒரு சின்னக் குளியலறை. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். பின்பக்கம் மிச்ச இடத்தில் 1,100 கிலோ எடையுள்ள என் சிறிய கார். லாரியின் தகட்டில் அனுமதித்த மொத்த எடை 7,500 கிலோ, பின் அச்சுக்கு 5,200 என்று பொறித்திருந்தது. வாங்கிய அன்று வெறும் வண்டியை எடை போட்டேன், 4,300 கிலோ. 3,200 கிலோ மிச்சம் இருக்கிறது, தாராளம் என்று நினைத்தேன். பட்டறை முதலாளியிடம் சொன்னபோது, “வேலை முடிஞ்சா 5,600க்கு மேல போகாது சார், நாங்க எத்தனை வண்டி செஞ்சிருக்கோம்” என்றார். அதை நான் எழுதி வாங்கவில்லை. ஒப்பந்தத்தில் திரைச்சீலையின் நிறம் வரைக்கும் இருந்தது. எடை மட்டும் இல்லை.

பணம் மூன்று தவணை. தொடங்கும்போது பாதி, உள்வேலை முடிந்ததும் கால், வண்டி எடுக்கும்போது கால். உள்வேலை முடிந்துவிட்டது என்று படங்கள் அனுப்பினார்கள். சுவர் விலாக்களுக்கு நடுவே மஞ்சள் நிற ஃபோம் பலகை இடைவெளியில்லாமல் பதித்திருந்த படம் ஒன்று. பார்த்ததும் அடுத்த தவணையை அனுப்பிவிட்டேன். பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன், அந்தப் படத்தில் சுவரோடு ஓடியது மரச்சட்டம். என் லாரியில் சாமான் கட்டுவதற்கு ஓடுவது இரும்புத் தண்டவாளம். அது வேறு யாருடைய வண்டியோ.

வண்டி எடுக்கப் போவதற்கு முந்தின நாள் அளவு பார்க்க வேண்டும் என்று காரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே லாரிக்குள் கார் நிற்கும் படம் வந்தது, சக்கரங்களில் பெல்ட் எல்லாம் கட்டி. மறுநாள் போனபோது கார் கீழே நின்றது. “ஏத்தி இறக்கிப் பார்த்தாச்சு சார்” என்றார்கள். கடைசித் தவணையைக் கொடுத்துவிட்டு லாரியை நான் ஓட்ட, காரை நண்பர் ஓட்ட, வீடு வந்து சேர்ந்தோம்.

வரும் வழியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நேரம் எடுத்தது. வளைவில் ஒரு பெரிய ஆட்டம். பழைய லாரிதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு எடை மேடையைத் தாண்டும்போது, சரி, பார்த்துவிடலாம் என்று ஏற்றினேன். கார் இல்லை, தண்ணீர்த் தொட்டி காலி, டீசல் மட்டும் நிறைய. சீட்டில் 6,580 என்று வந்தது. மேடைக்காரரிடம் மறுபடி போடச் சொன்னேன். அதே எண்தான். பிறகு முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தோம், 2,180. அப்படியென்றால் பின் அச்சில் 4,400.

7,500இல் 6,580 போனால் மிச்சம் 920. என் கார் 1,100. எந்தக் காருக்காக இவ்வளவும் செய்தேனோ அந்தக் கார் உள்ளே ஏறவே முடியாது. நானும் மனைவியும் ஏறுவது, தண்ணீர், பாத்திரம், துணி எல்லாம் அதற்குப் பிறகு.

மொத்த எடையை விட மோசமானது பின் அச்சின் கணக்கு. இதைப் பட்டறைக்காரர் யாரும் பேசவில்லை, எனக்கும் அதுவரை தெரியாது. கார் நிற்கும் இடம் பின் அச்சுக்குப் பின்னால் வால்பகுதியில். காரின் எடை மையம் அச்சிலிருந்து 0.9 மீட்டர் பின்னால் விழுகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4.5 மீட்டர். சீசா பலகை மாதிரிதான். வாலில் வைக்கும் எடை பின் சக்கரத்தை அழுத்துவதோடு நிற்பதில்லை, முன் சக்கரத்தைத் தூக்கவும் செய்கிறது. 1,100ஐ 5.4ஆல் (4.5 + 0.9) பெருக்கி 4.5ஆல் வகுத்தால் 1,320. 1,100 கிலோ காரால் பின் அச்சில் கூடுவது 1,320 கிலோ, முன் அச்சில் குறைவது 220. ஏற்கெனவே 4,400 இருந்த இடத்தில் அது 5,720 ஆகும். வரம்பு 5,200. போதாததற்கு 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் வாலுக்கு அடியில்தான் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. டயர் வெடிப்பதும் ஸ்டீயரிங் லேசாகிப் பேச்சுக் கேட்காமல் போவதும் இப்படித்தான் நடக்கும்.

வெறும் வண்டியின் 4,300க்கு மேல் கூடிய இந்த 2,280 கிலோ எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். கார் நிற்கும் தரைக்கு அலுமினியத் தகடு என்று பேசியிருந்தோம். போட்டிருந்தது 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவை ஒட்டி வரும். தரை மட்டும் 370 கிலோ. அலமாரி, படுக்கை, சுவர், தடுப்பு என்று எதைத் தொட்டாலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட். எட்டுக்கு நாலு பலகை ஒன்று ஏறத்தாழ 35 கிலோ, முப்பது பலகை உள்ளே போயிருக்கிறது. ஓடாத வீட்டுக்குச் செய்கிற தச்சுவேலையை அப்படியே ஓடுகிற வண்டியில் செய்திருக்கிறார்கள். குளியலறையில் செராமிக் டைல்ஸ்! லாரியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், குழியில் இறங்கும்போது முறுக்கிக்கொள்ளும், அதுதான் அதன் இயல்பு. முதல் மாதத்திலேயே நாலு டைல்ஸ் விரிசல் விட்டன. அவற்றைத் தூக்கி எறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அந்தத் தொட்டியைத் தொங்கவிட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். சேசிஸ் சட்டத்தின் கீழ்விளிம்பில் நேராக வெல்டிங் அடித்திருந்தார்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள்தான் சட்டத்தை வளைக்கும் விசையில் பெரும்பகுதியைத் தாங்குகிற இடம். அங்கே வெல்டிங் சூடும் கூடாது, துளையும் கூடாது, விரிசல் அங்கேதான் தொடங்கும். எதையாவது மாட்ட வேண்டுமென்றால் சட்டத்தின் பக்கவாட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட வேண்டும். லாரி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இவர்கள் வெல்டிங் அடித்துவிட்டு அதன்மேல் புதுக் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தார்கள். புதுசாகப் பளபளக்கும் அடிப்பாகத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் கட்டும் வளையங்கள். காரை இறுக்கிக் கட்டும் நாலு இரும்பு வளையங்களும் இரும்புத் தகட்டுக்கு அடியில் இருந்த பழைய பலகைத் தரையில் திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடித்து, அடியில் தகடு கொடுத்து, போல்ட்டால் முறுக்கியிருக்க வேண்டும். ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்துவிட்டது. வேகமாகப் போகும்போது பிரேக் அடித்தால் 1,100 கிலோ கார் தடுப்புச் சுவரைத் தள்ளிக்கொண்டு படுக்கைக்கு வந்துவிடும்.

மின்வேலையைப் பற்றி ஒரு பத்தி போதும். 12 வோல்ட் பேட்டரியில் 3,000 வாட் இன்வெர்ட்டர். முழுச் சுமையில் 250 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரிக்கும் அதற்கும் நடுவே ஃபியூஸ் கிடையாது. உள்ளே விளக்குகளுக்கு வீட்டுச் சுவரில் பதிக்கும் ஒற்றைக் கம்பி வயர், அதிர்வில் முறியக்கூடியது. ஃபியூஸ் போடும்வரை வண்டிக்குள் தூங்கவில்லை.

நிஜமாகவே என்னைப் பயமுறுத்தியது கேஸ்தான். சிலிண்டரைச் சமையல் மேடைக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, காற்றோட்டத்துக்கு என்று பெட்டியின் மேல்பக்கத்தில் ஓட்டைகள் கொண்ட அழகான ஒரு ஜாலி போட்டிருந்தார்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தண்ணீர் மாதிரி தாழ்ந்து தரையில் தேங்கும், மேலே இருக்கும் ஜாலி வழியாகப் போகாது. ஓட்டை அடித்தளத்தில், வண்டிக்கு வெளியே திறக்கும்படி இருக்க வேண்டும், பெட்டிக்கும் அறைக்கும் நடுவே காற்றுப் புகக் கூடாது. தடுப்புச் சுவரும் அப்படியே. வயர் போக இட்ட துளைகளில் விரல் நுழைந்தது. அந்தப் பக்கம் பெட்ரோல் கார், இந்தப் பக்கம் தூங்குகிற மனிதர்கள். காரை இறக்குவதற்காக உள்ளே ஸ்டார்ட் செய்தால் கார்பன் மோனாக்சைடு நேராகப் படுக்கைக்கு வரும், வாசனைகூட இருக்காது. துளைகளை அடைத்து, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் எரிவாயு அலாரம் ஒன்றும் மாட்டினேன். எரிவாயு அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்டினேன்.

மஞ்சள் ஃபோம் விஷயம் காலையில் சுவர் வியர்த்தபோது வெளிப்பட்டது. பலகையைக் கழற்றினால் பின்னால் பார்சலோடு வரும் உடைந்த தெர்மகோல் துண்டுகள், பாதி இடத்தில் அதுவும் இல்லை. எங்கள் மூச்சு ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிப் பலகைக்குள் இறங்கியிருந்தது.

முதலாளிக்குப் ஃபோன் செய்தேன். எடை பற்றிக் கேட்டபோது, “கனமா இருந்தாத்தான் சார் உறுதி” என்றார். சிரித்துவிட்டேன். எடைச் சீட்டை அனுப்பினேன், அந்த எடை மேடை சரியில்லை என்றார். வேறு மேடையில் போட்ட சீட்டை அனுப்பினேன். அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் எடை இல்லாததால் வழக்குப் போட என் கையில் இருந்தது டைல்ஸும் தெர்மகோலும்தான்.

பாதியைப் பிரித்துப் போட்டு இப்போது நானே செய்துகொண்டிருக்கிறேன். இரும்புத் தரையை எடுத்துவிட்டு அலுமினியம், அலமாரிகளுக்குச் சன்னப் பலகை, தொட்டியை 200 லிட்டராகக் குறைத்துப் பின் அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தேன். சேசிஸ் வெல்டிங்கை ஒரு லாரி மெக்கானிக் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். கடைசியாகப் போட்ட சீட்டில் 5,790, பின் அச்சு 3,720. கார் ஏறினால் பின் அச்சு 5,040. மயிரிழைதான், ஆனாலும் வரம்புக்குள். வேலை கொடுக்கப் போகிறவர்கள் தவணையை எடைச் சீட்டோடு கட்டிவிடுங்கள், அச்சுவாரியாக, ஒவ்வொரு கட்டத்திலும். ஒப்பந்தத்தில் முடிவான எடையும் பொருளின் தடிமனும் இருக்கட்டும். சுவரை மூடுவதற்கு முன்னால் நேரில் போய்ப் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள்.

படம் என்றதும் ஒன்று. காரை ஏற்ற முதன்முறை நானே முயன்றபோது ஏறவில்லை. பெட்டித் தரை 1.1 மீட்டர் உயரம், அவர்கள் கொடுத்த ராம்ப் 2.4 மீட்டர். 27 டிகிரி ஏற்றம். மேல்முனையில் காரின் வயிறு தட்டி நின்றுவிட்டது, காரை மேலே இழுக்கும் வின்ச்சின் கயிறு முறுகியது. அப்படியானால் அன்று எப்படி ஏற்றினார்கள் என்று பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் தரையில் இரண்டு நீளப் பற்களின் நிழல். பட்டறையில் வேலை பார்த்து விலகிய ஒரு பையன் பின்னால் சொன்னான், ஃபோர்க்லிஃப்டால் தூக்கி உள்ளே வைத்தார்களாம், படம் எடுத்ததும் அப்படியே இறக்கிவிட்டார்களாம்.

அந்தப் படத்தை அவர்கள் இன்னும் புது வாடிக்கையாளர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பச்சை லாரி, உள்ளே வெள்ளைக் கார், நாலு சக்கரத்திலும் ஆரஞ்சு பெல்ட். பார்த்தால், அது என் வண்டி.