பைப்பா, போர்டா? எல்லோரும் வாசிக்கும் குழுவுக்கு வாத்தியம் செய்யும்போது

எங்கள் பகுதி இசைக்குழுவில் சக்கர நாற்காலியில் வருபவர்கள், காது கேளாத பிள்ளைகள், சரளி வரிசைகூடத் தெரியாத பாட்டிமார் எல்லோரும் உண்டு. அவர்களுக்கு வாத்தியம் செய்ய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிவிசி பைப்பை வெட்டி, அதன் திறந்த வாயில் தட்டி வாசிப்பது. இன்னொன்று, லேப்டாப்பில் மேக்கி மேக்கி என்ற சிறு சர்க்யூட் போர்டைச் செருகி, வாழைப்பழத்தைத் தொட்டால் ஸ்வரம் வரச் செய்வது. நாங்கள் பைப்பை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

எம்ஐடி ஆய்வகத்தில் பிறந்த அந்த போர்டு பிள்ளைகளைச் சட்டென்று கவர்ந்துவிடும். விலை, எடையெல்லாம் பார்த்தாலே தெரியும். தேர்வைத் தீர்மானித்தது பழுதுதான். போர்டில் பழத்தை இணைக்கும் வயரின் கிளிப் கழன்றாலோ, ஒத்திகை நடுவே லேப்டாப் அப்டேட் கேட்டாலோ, விவரம் தெரிந்தவர் வரும்வரை அதை வாசிப்பவர் சும்மா உட்கார வேண்டும். மற்றவர்கள் என்றால் வேறொரு வாத்தியத்தை எடுத்துக்கொள்வார்கள். அவருடைய கைக்கென்றே செய்த வாத்தியம் நின்றால் அவருக்கு மாற்று கிடையாது. பைப் உடைந்தால் தெருமுனை ஹார்டுவேர் கடையும் ஒரு ஹாக்சா பிளேடும் போதும்; அவருடைய அம்மாவே சரிசெய்துவிடுவார்.

ஸ்ருதி சேர்ப்பதும் அப்படித்தான். இரண்டு அங்குல பைப்பில், இரு முனையும் திறந்திருக்க, ஒரு கட்டை சட்ஜமத்துக்கு (‘ஸ’, மேற்கத்திய இசையின் C) ஏறக்குறைய 64 செ.மீ. வேண்டும். மேல் சட்ஜமத்துக்குச் சரிபாதியாக வெட்டினால் ஸ்ருதி இறங்கியே நிற்கும். பைப்பின் வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து அதிர்வதால் 30 செ.மீ. அளவுக்குக் குறைக்க வேண்டும். முதலில் நீளமாக வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். வெயில் ஏறினால் எல்லாப் பைப்பின் ஸ்ருதியும் சேர்ந்தே ஏறும், ஆகவே தங்களுக்குள் பிசகாது. கூட ஹார்மோனியம் இருந்தால் மட்டும் இடிக்கும்.

பைப்பை வழக்கமாக ரப்பர் செருப்பால்தான் தட்டுவார்கள். வாத்தியத்தின் மேல் செருப்பு படுவதைப் பெரியவர்கள் விரும்பவில்லை. சரி என்று ரப்பர் ஷீட் வாங்கி மட்டை செய்தோம்; பிடி தடிமனாக இருந்ததால் விரல் மடங்காதவர்களுக்கும் வசதியாயிற்று. காது கேளாத பிள்ளைகள் நீளமான பைப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அதிர்விலேயே தாளம் பிடிக்கிறார்கள்.

ஒரு விரல் மட்டுமே அசைக்க முடிந்தவருக்குப் பைப் உதவாது, அங்கே போர்டுதான். எங்கள் குழுவில் அப்படி ஒருவரே இருப்பதால் போர்டு நீண்ட நாள் உழைக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். தொட்டால் ஸ்வரம் வர வாசிப்பவர் உடம்பில் பட்டிருக்க வேண்டிய எர்த் வயரை அவர் பிடிக்க முடியாததால் மணிக்கட்டில் பட்டையாகக் கட்டியிருக்கிறோம். உபரி கிளிப்புகள் பக்கத்திலேயே இருக்கும்.