ஃபிலடெல்ஃபியா கேஸ் ஒர்க்ஸ்: பில்லில் 7.5 சதவீதம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வீடுகளுக்குக் குழாய் வழியே எரிவாயு தரும் நிறுவனம் இது. 1836-இல் தொடங்கியது, நகராட்சிக்கே சொந்தம். சேவை பரவாயில்லை. பில்லைப் படிப்பதுதான் பாடு.

குழாய் மாற்றும் செலவுக்கென்று தனிக் கட்டணம் ஒன்று உண்டு. 2013-இல் 5 சதவீதமாக வந்தது, 2016-இல் 7.5 ஆனது. இது மொத்த பில்லுக்கு அல்ல, கேஸைக் குழாயில் கொண்டுவந்து சேர்ப்பதற்கான விநியோகக் கட்டணத்துக்கு மட்டும். விநியோகம் 40 டாலர் என்றால் 3 டாலர் சேரும். கேஸின் விலை பில்லில் தனியாக வரும். குளிர்காலத்தில் அது எகிறும்போது குழாய் வேலையைத் திட்டிப் பயனில்லை.

பணம் தேவைதான். பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் மூட்டில் சணலைத் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். நிலக்கரியிலிருந்து எடுத்த அந்தக் காலத்து கேஸில் ஈரம் இருந்ததால் சணல் ஊறி அடைத்துக்கொண்டது. இயற்கை எரிவாயு வறண்டது. சணல் காய்ந்து சுருங்க, மூட்டு கசியும். உறைபனியில் மண் வீங்கினால் 4, 6 அங்குலக் குழாய்தான் முதலில் குறுக்கே முறியும். மாற்றாக வரும் பாலிஎத்திலீன் குழாயை உருக்கி ஒட்டுவதால் சணல் மூட்டுக்கே வேலையில்லை.

ஒரு குறை: நிறுவனம் நகராட்சிக்கு ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் கட்டுகிறது. குழாய்க்குத் தனியாக வசூலித்துக்கொண்டே இதையும் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டண உயர்வு மனு பென்சில்வேனியா மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்துக்குத்தான் போகும். ஆட்சேபத்தை அங்கே பதியுங்கள், நகர மன்றத்தில் அல்ல.